பூஞ்சை குரோமியத்தைத் தின்னாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேடு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், குரோமியத்தைத் தின்று தீர்க்கும் பூஞ்சை கிடைத்துவிட்டதாக ஒரு செய்தியும் கூடவே வருகிறது. குரோமியம் ஒரு தனிமம். எந்த உயிராலும் அதை இல்லாமல் ஆக்க முடியாது. இடம் மாற்றலாம், வடிவம் மாற்றலாம், அவ்வளவுதான்.

பூஞ்சைகள் கன உலோகங்களைத் தாங்குவது உண்மையே. செல்சுவரிலுள்ள கைட்டின், மெலனின் என்ற பொருள்கள் காரீயம், தாமிரம் போன்றவற்றை வெளியிலேயே பிடித்து நிறுத்தும். அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை ஆக்சாலிக் அமிலம் சுரந்து அவற்றைக் கரையாத ஆக்சலேட்டாகப் படிய வைக்கும். ஈஸ்ட், உள்ளே புகுந்த காட்மியத்தைக் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறோடு பிணைத்து, செல்லுக்குள் இருக்கும் வெற்றிடப்பை என்ற அறையில் அடைத்துவிடும். குரோமேட், அதாவது குரோமியம்-6 என்ற நச்சு வடிவம், மட்டும் வேறு ரகம். உருவில் சல்பேட்டை ஒத்திருப்பதால் சல்பேட் நுழையும் வழியாகவே செல்லுக்குள் போகிறது. பூஞ்சையை வளர்க்கும் ஊடகத்தில் சல்பேட் தாராளமாக இருந்தால் குரோமேட் குறைவாகவே நுழையும்; பூஞ்சையின் தாங்குதிறன் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். பெப்டோன் என்ற புரதச் சத்தும் பாஸ்பேட்டும் நிறைந்த ஊடகம் உலோகத்தைத் தானே பிணைத்துக்கொள்வதால், காரீயத்துக்கும் தாமிரத்துக்கும் இதே கோளாறுதான். ஊடகம் எது என்று சொல்லாமல் ‘லிட்டருக்கு 1000 மி.கி. தாங்கியது’ என்றால் அந்த எண்ணுக்குப் பொருள் குறைவு.

அடுத்த சிக்கல் அளவீட்டில். டைபீனைல் கார்பசைடு சேர்த்து, ஊதா நிறத்தை 540 நானோமீட்டரில் அளக்கும் சோதனை குரோமியம்-6 ஐ மட்டுமே காட்டும். நிறம் மறைந்தால் குரோமியம் போய்விட்டதாக எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது குரோமியம்-3 ஆக மாறி அதே குடுவையில்தான் இருக்கும். நச்சு குறைந்தது என்பது நல்ல செய்திதான். நீக்கம் என்பது வேறு. வடிகட்டிய நீரில் மொத்தக் குரோமியத்தை அணு உட்கவர் நிறமாலைமானியில் தனியாக அளக்க வேண்டும். நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான வரம்புகளும் இரண்டு: குரோமியம்-6 லிட்டருக்கு 0.1 மி.கி., மொத்தக் குரோமியம் 2 மி.கி. பூஞ்சையே இல்லாத ஊடகம் ஒரு குடுவையிலும், கொன்ற பூஞ்சை இன்னொன்றிலும் ஒப்பீட்டுக்கு இருக்க வேண்டும். அமில நிலையில் ஈஸ்ட் சாறு போன்ற கரிமப் பொருள்களே குரோமேட்டைக் குரோமியம்-3 ஆக மாற்றிவிடக்கூடும். அந்தப் பெருமையும் பூஞ்சைக்குப் போய்விடும்.

களத்தில் இடிப்பது அமில-கார நிலை. காய்ந்த பூஞ்சைத் தூள் குரோமேட்டைச் சிறப்பாகப் பற்றுவது பி.எச். 2 என்ற கடும் அமில நிலையில், அப்போதுதான் செல்சுவரின் அமீன் தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெற்று எதிர்மின் குரோமேட்டை இழுக்கும். ஆனால் குரோமைட் தாதுவைச் சோடா சாம்பலோடு வறுத்து மிஞ்சும் கழிவு கடும் காரமுடையது. லட்சம் டன்னுக்கு மேலான மேட்டுக்கு எத்தனை லாரி அமிலம் ஊற்றுவது? தோல் ஆலைக் கழிவுநீரை இதனோடு குழப்புவதும் வழக்கம். பதனிடப் பயன்படும் காரக் குரோமியம் சல்பேட்டில் இருப்பது குரோமியம்-3; அதைச் சுண்ணாம்பு அல்லது மக்னீசியம் ஆக்சைடு சேர்த்தே வீழ்படிவாக்கி மீட்கலாம். அதற்குப் பூஞ்சை எதற்கு?

பூஞ்சை முறை பொருந்தக்கூடியது, அளவில் சிறிய, கட்டுப்படுத்தக்கூடிய கழிவுநீருக்கு. மின்முலாம் பட்டறைக் கழுவுநீர் அப்படிப்பட்டது. அங்கும் உலோகம் ஏறிய பூஞ்சைக் கூழ் அபாயகரக் கழிவுதான். அதை உரக்குழியில் போடக் கூடாது. சுண்ணாம்பு கலந்திருக்கும்போது காற்றில் எரித்தால் குரோமியம்-3 மீண்டும் குரோமியம்-6 ஆகிச் சாம்பலில் நிற்கும். அடுத்த முறை இப்படியொரு செய்தி வெளியிடும்போது, அந்தக் கூழை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறார்கள் என்று உங்கள் செய்தியாளர் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
சூழல் நுண்ணுயிரியல் ஆசிரியர்கள்,
வேலூர்