ரோட்டா சொட்டு மருந்தும் பன்னாட்டு உதவியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறந்த 6, 10, 14 வாரங்களில் குழந்தையின் வாயில் ஐந்து சொட்டாக விடப்படும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் மருந்துக்குப் பின்னால், பல நாட்டாரின் முப்பதாண்டு உழைப்பு இருப்பதைப் பெற்றோர் பலர் அறியார். 1980களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், நோய்க்குறி ஏதுமில்லாத பச்சிளங்குழந்தைகளிடம் மருத்துவர் எம்.கே. பான் குழுவினர் கண்டறிந்த ரோட்டா வைரஸ் வகையிலிருந்தே இம்மருந்து உருவானது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை, பாரத் பயோடெக், அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள், பாத் (PATH) என்னும் பன்னாட்டுச் சுகாதாரத் தொண்டு அமைப்பு, கேட்ஸ் அறக்கட்டளை ஆகியவை கைகோத்ததால்தான், டெல்லி, புனே, நம் வேலூர் ஆகிய மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் பரிசோதிக்கப்பட்டு, தவணைக்கு ஒரு டாலர் என்ற விலைக்கு இம்மருந்தைத் தர முடிந்தது.

முதலாண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை இது பாதிக்குச் சற்று மேல்தான் தடுக்கிறது. எனவே உப்புச் சர்க்கரைக் கரைசலை மறக்கலாகாது என்பதைச் செவிலியர்கள் தாய்மார்களிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்கித் தரும் கவி (Gavi) என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்புக்கு இனி நிதியில்லை என 2025இல் அமெரிக்கா அறிவித்தது மிகுந்த வேதனை அளிக்கிறது. அக்கூட்டமைப்பால் பயனடைந்து, பின்னர் அதற்கு நிதியும் வழங்கிய இந்தியா, தன் பங்களிப்பை உயர்த்த முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், வேலூர்