கட்சி மாறும் முன்: பிரதமர் ஷரோனுக்கு ஒரு திறந்த மடல்

20 நவம்பர் 2005

மாண்புமிகு பிரதமர் ஏரியல் ஷரோன் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் தில்லிக்கு வந்தீர்கள். இந்தியாவுக்கு வந்த முதல் இஸ்ரேலியப் பிரதமர் நீங்கள்தான். உங்கள் ஊரில் குண்டு வெடித்த செய்தி வந்ததும் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பிவிட்டீர்கள். அன்று தொடங்கிய பழக்கம், உங்கள் ஊர் அரசியலை விடாமல் படிக்கிறேன். ரசிகன் என்று நினைத்துவிட வேண்டாம். நீங்கள் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது லெபனானில் பாலஸ்தீன அகதிகள் படுகொலை செய்யப்பட்ட சப்ரா, ஷத்தீலா என்ற இரண்டு பெயர்களை மறந்துவிட்டு உங்களுக்குக் கடிதம் எழுத என்னால் முடியாது.

உங்கள் லிக்குட் கட்சியை விட்டு வெளியேறுவதா, உள்ளேயே இருந்து போட்டியாளர் நெதன்யாகுவோடு மல்லுக்கட்டுவதா என்று உங்கள் பண்ணையில் உட்கார்ந்து யோசிக்கிறீர்களாம். தேர்தல் 2006 நவம்பரில் வரவேண்டியது. உங்கள் கூட்டணியில் இருக்கும் தொழிற்கட்சியில் ஷிமோன் பெரஸைத் தோற்கடித்து அமீர் பெரெட்ஸ் தலைவரான பிறகு அது அவ்வளவு நாள் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சரி, முன்கூட்டியே தேர்தல் வையுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லப்போனால் இதுவே தாமதம்.

2003 ஜனவரித் தேர்தலில் அப்போதைய தொழிற்கட்சித் தலைவர் அம்ராம் மிட்ஸ்னா காசாவை விட்டு ஒருதலைப்பட்சமாகவே வெளியேறலாம் என்றார். நீங்கள் கூடவே கூடாது என்றீர்கள். காசாவில் இருந்த யூதக் குடியிருப்பான நெட்சரீமின் கதி எதுவோ அதுவே டெல் அவிவின் கதியும் என்று அதற்கு முந்தைய வருடம்தான் சொல்லியிருந்தீர்கள். மக்கள் உங்களுக்கு 38 இடம் கொடுத்தார்கள், மிட்ஸ்னாவுக்கு 19. அப்புறம் என்ன ஆயிற்று? ஒரு வருடம் திரும்புவதற்குள் தோற்றவரின் திட்டம் உங்கள் திட்டமாகிவிட்டது. 2004 மே மாதம் கட்சி உறுப்பினர்களிடம் கேட்டீர்கள். ஏறக்குறைய 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஓரமாகத் தூக்கி வைத்தீர்கள். நாடு முழுக்கப் பொதுவாக்கெடுப்பு வையுங்கள் என்றார்கள். அதற்கும் மாட்டேன் என்றீர்கள். இந்த ஆகஸ்டில் காசாவின் 21 குடியிருப்புகளும் காலி. அதில் கடைசியாகக் காலியானது எது? அதே நெட்சரீம்.

காலி செய்தது சரிதான், அதில் நான் உங்கள் பக்கம். எட்டாயிரம் பேர் குடியிருப்பதற்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்களைச் சோதனைச் சாவடிகளில் காக்க வைத்த ஏற்பாடு அது. ஆனால் அந்தச் சரியான காரியத்தையும் யாரையும் கேட்காமல் செய்தீர்கள். காசாவில் வாழ்கிறவர்களோடு பேசவில்லை. உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்களிடமும் கேட்கவில்லை.

கட்சிக்குள் உங்கள் நிலைமை புரியாமல் இல்லை. செப்டம்பரில் மத்தியக் குழுக் கூட்டத்தில் நீங்கள் பேச எழுந்தபோது மைக் செத்துப்போனது. ஒருமுறை அல்ல, இரண்டு முறை. பேசாமலே இறங்கிப் போனீர்கள். மறுநாள், கட்சித் தலைவர் தேர்தலை முன்கூட்டியே நடத்துவதா என்ற வாக்கெடுப்பில் நூற்றுச் சொச்சம் வித்தியாசத்தில் தப்பித்தீர்கள். இந்த மாதம் நீங்கள் கொண்டுவந்த அமைச்சர் நியமனங்களை உங்கள் கட்சிக்காரர்களே நாடாளுமன்றத்தில் கவிழ்த்தார்கள். இப்படி ஒரு வீட்டில் யாருக்குத்தான் இருக்கப் பிடிக்கும்?

ஆனால் 1973இல் சின்னச் சின்னக் கட்சிகளை ஒட்டவைத்து லிக்குட்டைக் கட்டியவர்களில் நீங்கள் முக்கியமானவர். கட்டியவரே இடிக்கக் கிளம்பியிருக்கிறார். புல்டோசர் என்ற பட்டப்பெயர் சும்மாவா வந்தது! தனிக்கட்சியும் உங்களுக்குப் புதிதல்ல. ஷ்லொம்சியோன் நினைவிருக்கிறதா? 1977 தேர்தலில் 2 இடம், உடனே லிக்குட்டில் கரைத்துவிட்டீர்கள். முதல் பிரதமர் பென் குரியனைவிடப் பெரிய தலை உங்கள் நாட்டில் உண்டா? அவரே 1965இல் தன் மப்பாய் கட்சியை விட்டு வந்து ராஃபி என்ற கட்சியைத் தொடங்கினார், 10 இடத்தோடு நின்றது.

இன்று கருத்துக்கணிப்புகள் உங்கள் பக்கம். நன்றாகக் கவனியுங்கள், உங்கள் பக்கம். இன்னும் பெயர்கூட வைக்காத கட்சியின் பக்கம் அல்ல. லிக்குட்டின் 40 உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்காக 14 பேரைத் தேற்றிவிட்டால் சட்டப்படி பிளவு, அரசு நிதியும் வரும். தேற்றிவிடுவீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த 14 பேரையும் சேர்த்துக் கட்டப்போகும் கயிறு எது? உங்கள் ஒருவரின் செல்வாக்குதான் என்றால், உங்களுக்கு வயது 77.

அதனால் இந்த முறை ஓட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மேற்குக் கரையின் வடக்கில் நான்கு குடியிருப்புகளைக் காலி செய்தீர்கள். மற்றவை? நீங்கள் எழுப்பிக்கொண்டிருக்கும் அந்தச் சுவர்தான் நாளைய எல்லையா? உங்கள் பெயரையே கொண்ட ஏரியல் என்ற குடியிருப்பு நகரம் எந்தப் பக்கம்? மாலே அதுமீம் என்ற இன்னொரு குடியிருப்பு நகரம்? ஜனவரியில் பாலஸ்தீனர்களும் வாக்குச்சாவடிக்குப் போகிறார்கள். எதிர்வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று தெரியாமல் அவர்கள் எதை வைத்து முடிவெடுப்பார்கள்?

பதிலை எந்தக் கட்சி மேடையில் சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. ஏறும் முன் மைக்கை மட்டும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தூரத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கும் ஒரு பத்திரிகை வாசகன்