20-க்கு 12 அடி பசுமைக்குடில்: ஐந்து மாதமாகத் தீராத புகார்

நாள்: 10.03.2025

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: தலைக்குந்தாவில் உங்கள் ஆட்கள் அமைத்த வீட்டுப் பசுமைக்குடிலின் குறைகளைச் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். இதே விஷயத்துக்காக நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டுக்கும் நீல டிக் விழுந்தது, பதில்தான் வரவில்லை. அதனால் இதைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புகிறேன். தபால் நிலையக் கவுன்டரில் 33 வருடம் வேலை பார்த்தவள் நான். அந்த அட்டையின் அருமை எனக்குத் தெரியும்.

போன வருடம் செப்டம்பரில் ரூ. 74,500 முழுவதையும் முன்பணமாகக் கட்டினேன். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணம் அது. அக்டோபர் கடைசியில் உங்கள் ஆட்கள் மூன்று பேர் வந்து ஒன்றரை நாளில் குடிலை நிறுத்திவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் நல்ல மாதிரி, அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் குடிலின் பக்கவாட்டு பிளாஸ்டிக் ஷீட்டைச் சுருட்டி ஏற்றும் கைப்பிடி இரண்டு வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்தது. "அடுத்த வண்டியில வந்துரும்மா" என்றார்கள். அந்த வண்டி இன்னும் மலை ஏறவில்லை.

கைப்பிடி சின்ன விஷயம் என்று உங்கள் கஸ்டமர் கேரில் சொன்னார்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று எப்படிப் போய் வரும்? ஊட்டி வெயில் வெளியே இதமாகத் தெரியும். குடிலுக்குள் பகல் 12 மணிக்கு 38 டிகிரி காட்டியது. 35-ஐத் தாண்டினால் தக்காளிப் பூவின் மகரந்தம் கெட்டுப் பிஞ்சு பிடிக்காது என்பது பொருளைத் தயாரிக்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. டிசம்பரில் வந்த முதல் பூ அத்தனையும் உதிர்ந்தது. தினமும் காலையில் தரையில் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும். பெருக்கி அள்ளுவேன்.

பகல் கதை அது. இரவுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெளியே மென்மையான செடி எதையும் நம்பி நடமுடியாது. ஜூன் வந்தால் மழையும் காற்றும். நடுவில் கிடைக்கும் கொஞ்ச நாளில் தக்காளியும் குடைமிளகாயும் காய்த்து முடிக்காது. அந்தப் பனி மாதங்களையும் பயிர் மாதங்களாக்கலாம் என்றுதான் இந்தக் குடிலை வாங்கினேன். உங்கள் துண்டறிக்கையின் முதல் வரியே "உறைபனியிலும் தக்காளி" என்பதுதானே?

ஜனவரியில் வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவுகளில் உறைபனி விழுந்தது. பகலில் மண்ணில் ஏறிய சூட்டை விடியும் வரை கொஞ்சமாவது பிடித்து வைப்பதுதான் குடிலின் வேலை. கூரையின் மேல் ஜன்னல் மூடினால் அல்லவா பிடிக்கும்? அதைத் தாங்கும் குழாய் வளைந்து, மூடிய பிறகும் என் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நவம்பரிலேயே போட்டோ எடுத்து அனுப்பினேன். பழைய போர்வையைத் திணித்துப் பார்த்தேன், காற்றில் விழுந்துவிட்டது. ஒரு நாள் காலை 6 மணிக்கு உள்ளே போனால் வெப்பமானி சுழியில் நிற்கிறது. 40 தக்காளியில் 36 செடி, கொதிநீர் ஊற்றியதுபோல வெந்து தொங்கின. 24 குடைமிளகாயில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பிழைத்த நாலு தக்காளியும் எவை தெரியுமா? என் சொந்த யோசனையில் கறுப்பு டிரம் இரண்டில் தண்ணீர் நிரப்பி உள்ளே வைத்திருந்தேன். அவற்றை ஒட்டி நின்ற செடிகள் அவை. பகல் சூட்டைத் தண்ணீர் வாங்கி வைத்து இரவில் விட்டிருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் தன் தேயிலை நாற்றுகளைத் தாகைச் செடி வெட்டி மூடிவைத்தார். செலவு ஒரு பைசா இல்லை, நாற்று அப்படியே பச்சையாக நிற்கிறது. நான் ரூ. 74,500 கொடுத்து உள்ளேயே வளர்த்ததைக் கருக்கிவிட்டேன்.

இதைச் சொல்லத்தான் ஜனவரியில் போன் செய்தேன். 25 நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு தம்பி எடுத்தார். முழுவதும் சொல்லி முடித்தேன். அவர் கேட்டார்: "ஊட்டியில போய் தக்காளி போடச் சொன்னது யாரும்மா? வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க."

என் கணவர் இறந்து 6 வருடம் ஆகிறது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன். வைத்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் தோன்றுகிறது. பணம் கட்டும்போது ஆம்பளையைக் கூப்பிடச் சொன்னீர்களா? உங்கள் அழைப்புகள் பதிவாகின்றன என்று நீங்களே ஆரம்பத்தில் சொல்கிறீர்கள். அந்தப் பதிவை நீங்கள் உட்கார்ந்து கேட்கவேண்டும்.

அப்புறம் ஷீட். நீர்த்துளி சொட்டாத வகை என்று சொல்லித்தான் சதுர அடிக்குக் கூடுதலாக வாங்கினீர்கள். ஆனால் தினமும் விடியலில் உள்ளே மழை மாதிரி சொட்டுகிறது. இலை நனைந்து, பனிக்கு முன்பே கருகல் நோய் ஆரம்பித்தது. ஷீட்டின் ஓரத்தில் அச்சான எழுத்து உள்ளே நின்று படித்தால் நேராகவும் வெளியே நின்று பார்த்தால் இடவலம் மாறியும் தெரிகிறது. அப்படித் தெரிந்தால் உள்பக்கம் வெளியே போய்விட்டது என்று அர்த்தம் என உங்கள் இன்ஸ்டாலரே போனில் ஒப்புக்கொண்டார். "ஆபீஸ்ல சொல்லாதீங்கம்மா" என்றும் கேட்டுக்கொண்டார். மன்னிக்கவேண்டும், சொல்லவேண்டியதாகிவிட்டது. அவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

பிப்ரவரியில் நேரிலேயே வந்தேன். இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இருட்டோடு கிளம்பி, ஊட்டி போய், கோவை பஸ் பிடித்து, மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஷீட்டின் ஒரு துண்டையும் அதைப் பிடிக்கும் உடைந்த கிளிப்பையும் பையில் சுமந்துகொண்டு 11 மணிக்கு உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். மதியம் ஒன்றேகால் மணி வரை தண்ணீர்கூட யாரும் கேட்கவில்லை. பிறகு வரவேற்பில் இருந்த பெண் சொன்னார்: "சர்வீஸ் இன்ஜினீயர் இன்னைக்கு ஊட்டிக்குத்தான் போயிருக்காரு மேடம்."

சரி, வீட்டுக்குப் போனால் பார்க்கலாம் என்று திரும்பினேன். பர்லியார் தாண்டும்போது உங்கள் குறுஞ்செய்தி வந்தது: "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. புகார் முடித்து வைக்கப்பட்டது."

நான் எங்கே இருந்தேன் ஐயா? உங்கள் அலுவலகத்து நாற்காலியில் இருந்தேன். வருவதாக ஒரு போன் இல்லை. வந்தவர் கேட் வரை வந்தாரா என்றும் தெரியவில்லை. என்னைக் கேட்காமல் என் புகாரை முடித்து வைக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

நஷ்டத்தைச் சொல்கிறேன். செடிக்கு 5 கிலோ என்று உங்கள் துண்டறிக்கையே சொல்கிறது. 36 செடிக்கு 180 கிலோ தக்காளி. குடைமிளகாய் தனி. நாற்று, தொழு உரம், மண் கொத்திய கூலி, பஸ் செலவு, ஒரு முழுப் பருவம். என் கணக்கில் ஒரு லட்சத்துக்குக் குறையாது. இந்த வயதில் இதைவிடப் பெரிய அடி எனக்கு விழுந்ததில்லை.

நான் சண்டைக்காரி இல்லை. குடில் எனக்கு வேண்டும், அது வேலை செய்யவேண்டும். ஷீட்டைச் சரியான பக்கம் திருப்பி, புதிதாகப் போட்டுத் தாருங்கள். மேல் ஜன்னல் குழாயை மாற்றுங்கள். கைப்பிடியைக் கொடுங்கள். அந்தத் தம்பி எனக்கு ஒரு வரி மன்னிப்பு எழுதட்டும். ஜூன் காற்று தொடங்கினால் இப்போதைய ஷீட் தாங்காது. அதனால் ஏப்ரல் 10-க்குள் இது நடக்கவேண்டும்.

நடக்காவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஊட்டி நுகர்வோர் ஆணையத்துக்கு எனக்கு அரை மணி நேரப் பயணம்தான். நீங்கள்தான் மலை ஏறி வரவேண்டியிருக்கும். பில், போட்டோ, "வீட்டில் இல்லை" என்ற குறுஞ்செய்தி, அதே நாளின் பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரே கவரில் வைத்திருக்கிறேன்.

அந்த நிலைமை வராது என்று நம்புகிறேன். ஆள் அனுப்பும்போது முதல் நாளே போன் செய்யச் சொல்லுங்கள், வீட்டில் இருப்பேன். போனை எடுப்பதும் நானாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தலைக்குந்தா.