சாவியை எடுத்த பிறகும் ஓடும் எஞ்சின்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இடது கண்ணில் புரை நீக்கினார்கள். குனியக் கூடாது, கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று வீட்டில் ஒரே கெடுபிடி. அதனால்தான் இவ்வளவு தாமதம். இப்போது பார்வை தெளிவாக இருக்கிறது. கட்டு அவிழ்த்த பிறகு நான் படித்த முதல் எழுத்து உன்னுடையதுதான். மகளுக்கு வேலை மாற்றல் வந்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறாள். பேத்தி இல்லாமல் வீடு எப்படி இருக்கப்போகிறதோ என்று இப்போதே மனசு அடித்துக்கொள்கிறது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். முதலில் வண்டி விஷயம்.

உங்கப்பாவின் கார் இன்னும் உன்னிடம் இருக்கிறது, ஓடுகிறது என்று படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நாம் இருவருமே கிளட்ச் பழகியது அந்த வண்டியில்தான். உங்கப்பா நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பாரே, அந்தக் காட்சி அப்படியே நிற்கிறது. சாவியை எடுத்த பிறகும் அந்த எஞ்சின் ஓடுகிறது, பார்த்த மெக்கானிக் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. கடைசியில் அதுவே தேவைப்படலாம். ஆனால் முதல் வேலை அது இல்லை.

சாவியை அணைத்த பிறகு அது எப்படி ஓடுகிறது என்று நீ எழுதவில்லை. எனக்கு முக்கியமே அதுதான். உதறிக்கொண்டு, இருமிக்கொண்டு, பானெட்டே ஆடும்படி சில நொடிகள் துள்ளிவிட்டு நிற்கிறதா? இல்லை, சாவியைத் தொடவே இல்லை என்பது போல ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது ஓடும் வேகத்தில், ஐடிலிங்கில், வழுவழுவென்று ஓடுகிறதா? இரண்டும் வெவ்வேறு வியாதி. முதலாவதில் மின்சாரம் நின்றுவிட்டது, நெருப்பு நிற்கவில்லை. இரண்டாவதில் மின்சாரமே நிற்கவில்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு பன்னிரண்டு வோல்ட் டெஸ்ட் லாம்ப் போதும். ஒரு முனையை, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் ப்ளஸ் முனையில் மாட்டு. மறு முனையை ஏதாவது சுத்தமான உலோகப் பகுதியில் எர்த் கொடு. ஒயர்கள் ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள். வண்டியை ஓட்டி நன்றாகச் சூடாக்கு. பையனை உள்ளே உட்கார வைத்து சாவியை அணைக்கச் சொல். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கைப் பார். அணைந்திருந்தால் முதல் வியாதி. மங்கலாகவாவது எரிந்துகொண்டிருந்தால் இரண்டாவது.

எரிந்தால் ஹெட் பக்கமே போகாதே. சாவி ஸ்விட்சின் உள்ளே காண்டாக்ட் தேய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தோன்றாதது. பழைய வண்டியில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தால், டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் விளக்கின் ஒயர் வழியாகவே மின்சாரம் திரும்பிவந்து காயிலை உயிரோடு வைத்திருக்கும். எஞ்சின் சுற்றுவதால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் கொடுக்கிறது, அந்த மின்சாரத்தால் எஞ்சின் சுற்றுகிறது. கண்டுபிடிக்க, ஆல்டர்னேட்டரில் அந்தச் சின்ன ஒயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, உடனே அணைத்துப் பார். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்றை அந்த ஒயரில் சரியான திசையில் வைத்தால் தீர்ந்தது. பேட்டரி ஒயரையோ ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரையோ எஞ்சின் ஓடும்போது கழற்றிவிடாதே. ஆல்டர்னேட்டரே போய்விடும்.

உன் வண்டியில் விளக்கு அணைந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். காற்றில் பெட்ரோலைக் கலந்து தரும் கார்ப்பரேட்டர் வைத்த வண்டிகளுக்கே உரிய தொல்லை இது. ஸ்பார்க் நின்றாலும், சுற்றும் வேகத்தில் பிஸ்டன் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், அதோடு ஐடிலிங் வழியாகப் பெட்ரோலும் வரும். உள்ளே கரி படிந்து கங்கு மாதிரி கனன்றுகொண்டிருந்தால் பற்றவைக்க ஸ்பார்க்கே தேவையில்லை. இதை டீசலிங் என்பார்கள். 1970களில் புகையைக் குறைக்க பெட்ரோல் கலவையை மெலிதாக்கி, ஸ்பார்க் வரும் நேரமான டைமிங்கைத் தாமதமாக்கி, ஐடிலிங்கை ஏற்றி வைத்தபோது இந்தத் தொல்லை நிறைய வண்டிகளில் தலைகாட்டியது. அதற்குத்தான் கார்ப்பரேட்டரில் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சின்ன சோலனாய்டு வைத்தார்கள். சாவியை அணைத்ததும் அதன் ஊசி முன்னே வந்து ஐடிலிங் பெட்ரோலை அடைத்துவிடும். உன் கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் ஒற்றை ஒயரோடு கட்டைவிரல் அளவு உருளை ஒன்று இருக்கிறதா பார். இருந்தால், எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு அந்த ஒயரை எடுத்துத் திரும்பத் தொட்டுப் பார். டக் என்று சத்தம் வர வேண்டும். ஐடிலிங்கில் ஓடும்போது ஒயரை எடுத்தால் எஞ்சின் அங்கேயே நிற்க வேண்டும். சத்தம் வந்தும் நிற்கவில்லை என்றால் ஊசியில் அழுக்கு இருக்கலாம்.

இனி என் சொந்த அனுபவம். என் பழைய வண்டிக்கும் இதே வியாதி வந்தது. எனக்கும் ஹெட்டைக் கழற்றத்தான் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு செலவும் செய்தேன். கரியைச் சுரண்டி மாட்டிய பிறகு ஒரு மாதம் அமைதி. அப்புறம் மறுபடியும் அதே உதறல். அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து உட்கார்ந்தேன். ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் ஸ்விட்சான சி.பி. பாயின்ட்டில், அதைத் தள்ளித் திறக்கும் கேம் மேல் உரசும் அந்தச் சின்ன பழுப்புக் கட்டை தேய்ந்து பளபளவென்றிருந்தது. பாயின்ட் திறக்கும்போது கேப் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய வண்டி அது. இடைவெளி அளக்கும் 0.2 ஃபீலர் கேஜே உள்ளே நுழைய மறுத்தது. கேப் குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், ஸ்பார்க்கும் தாமதமாக வரும். அதனால் ஐடிலிங் இறங்கியிருக்கிறது. இறங்கிய ஐடிலிங்கை ஏற்ற, காற்று போகும் வழியைத் திறக்கும் த்ராட்டிலின் ஸ்க்ரூவை யாரோ ஒருவர் முறுக்கி வைத்திருக்கிறார். த்ராட்டில் எப்போதும் ஒரு இழை கூடுதலாகத் திறந்தே இருக்க, சாவியை அணைத்த பிறகும் காற்றும் பெட்ரோலும் தாராளமாகப் போயிருக்கின்றன. ஸ்பார்க் தாமதமானதால் எஞ்சின் சூடும் அதிகம். கேப்பைச் சரிசெய்து, டைமிங் வைத்து, அதற்குப் பிறகு ஸ்க்ரூவைத் தளர்த்தி ஐடிலிங்கை நிமிடத்துக்கு 800 சுற்றுக்குக் கொண்டுவந்தேன். சாவியை அணைத்தேன். உடனே நின்றது. அந்த அமைதியை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது. வீணாகச் செய்த செலவை விட, நன்றாக இருந்த ஹெட்டைக் கழற்ற விட்டோமே என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்த வரிசையிலேயே போ. முதலில் பாயின்ட், பிறகு டைமிங், அதற்குப் பிறகுதான் ஐடிலிங். வரிசை மாறினால் ஒன்றின் குறையை இன்னொன்று மூடி மறைத்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பீங்கானின் நிறத்தையும் பார். லேசான பழுப்பு என்றால் நல்லது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் கலவை மெலிந்திருக்கிறது, எங்கோ காற்று கசிகிறது, அல்லது அந்த எஞ்சினுக்குச் சூடான ரக பிளக் போட்டிருக்கிறார்கள். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிடு. புத்தகத்தில் சொன்னதை விடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போடாதே. இத்தனையும் சரியாக இருந்தும் உதறினால், ஹெட்டைக் கழற்றட்டும்.

அதுவரை நிறுத்துவதற்கு ஒரு வழி சொல்கிறேன். பிரேக்கை நன்றாக மிதித்து, ஹேண்ட்பிரேக்கும் போட்டு, டாப் கியரில் வைத்து, சாவியை அணைத்துவிட்டு கிளட்சை மெதுவாக விடு. எஞ்சின் திணறி நின்றுவிடும். உதறவிட்டுக்கொண்டே இருக்காதே. நேரம் தவறி எரிவதால் ஒவ்வொரு உதறலும் பேரிங்குக்கு அடி. கடைசியில் சில நேரம் எஞ்சின் பின்பக்கமாகக்கூடச் சுற்றும்.

தம்பியின் டீசல் வண்டியும் சாவியை அணைத்த பிறகு ஓடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் காரணமே வேறு. டீசலுக்கு ஸ்பார்க் கிடையாது, டீசல் வருவதை நிறுத்தினால்தான் எஞ்சின் நிற்கும். பம்ப்பில் இருக்கும் ஸ்டாப் சோலனாய்டையோ, வாக்குவம் மூலம் நிறுத்தும் வண்டி என்றால் ரப்பர் குழாய்களில் விரிசலையோ பார்க்கச் சொல். ஆனால் சாவியை அணைத்த பிறகு வேகம் தானாக ஏறினால், பெரும்பாலும் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வழியாக எஞ்சின் ஆயிலையே குடிக்கிறது என்று அர்த்தம். அது ஆபத்து. பானெட்டுக்குள் கையை விடாமல் டாப் கியரில் திணற வைக்கட்டும், முடியாவிட்டால் விலகி நிற்கட்டும்.

கண் முழுக்கச் சரியானதும் நானே வருகிறேன். உங்கப்பாவின் அந்த நீள ஸ்க்ரூடிரைவர் இருந்தால் எடுத்து வை. அதற்குள் டெஸ்ட் லாம்ப் எரிந்ததா அணைந்ததா என்று மட்டும் இரண்டு வரி எழுதிப் போடு.

உன் பழைய கூட்டாளி