‘இப்போது எதுவும் ஊட்டாதீர்கள்’ என்று தடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாளே ஆன பறவைக் குஞ்சு, இறகை உப்பிக்கொண்டு கூண்டின் மூலையில் ஒடுங்கிவிட்டால் வளர்ப்பவருக்குக் கை சும்மா இருக்காது. வாயில் தண்ணீர் விடலாமா, கூழ் கரைத்து ஊட்டலாமா, ஏதாவது மருந்துப் பொடியைக் கலக்கலாமா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்த நேரத்தில் வளர்ப்பவரின் கையைப் பிடித்து நிறுத்துகிறவர்களுக்குத்தான் இந்த மடல். மருந்து தருகிறவர்களுக்கும் நன்றி உண்டு. ஆனாலும் முதல் வணக்கம் தடுக்கிறவர்களுக்கு.

பட்ஜி (லவ் பேர்ட்ஸ் என்று பலர் அழைப்பது பெரும்பாலும் இதைத்தான்), காக்டெயில் போன்ற சிறிய கிளி இனங்களை மனதில் வைத்தே எழுதுகிறோம். நீங்கள் சொல்லித் தந்ததையும் சேர்த்து எழுதினால், நாளை இதே நிலையில் தவிக்கும் இன்னொருவருக்கு உதவுமே.

எந்த நேரத்தில் கேட்டாலும் “முதலில் சூடு, மற்றதெல்லாம் பிறகு” என்று பதில் சொல்லும் மூத்த வளர்ப்பாளர்களே, உங்களுக்கு நன்றி. பறவையின் இயல்பான உடல்வெப்பம் 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். நமக்குக் கடுங்காய்ச்சல் என்று சொல்லும் அளவு அது. தீனி குறைந்த குஞ்சு, மிச்சமிருக்கும் தெம்பையெல்லாம் அந்தச் சூட்டைக் காப்பாற்றவே செலவழித்துவிடும். இறகை உப்புவதும் அதற்காகத்தான். வெளியிலிருந்து சூடு கிடைத்தால் அந்தத் தெம்பு நோயை எதிர்க்க மிஞ்சும்.

குஞ்சு இருக்கும் இடத்தில் 29 முதல் 32 டிகிரி வேண்டும். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் காட்டும் கணக்கு இதற்கு உதவாது. கூண்டுக்குள்ளேயே, பறவை உட்காரும் உயரத்தில் அளக்க வேண்டும். சூடு கூண்டின் ஒரு பாதிக்கு மட்டும் இருக்கட்டும். மறுபாதி குளிர்ச்சியாக இருந்தால், எது சுகமோ அங்கே அது தானாக நகர்ந்துகொள்ளும். ஹீட்டிங் பேட் என்றால் கூண்டின் அடியில் பாதியளவு, இடையில் ஒரு மடித்த துண்டு. கூண்டின் மூன்று பக்கத்தை மூடி, முன்பக்கத்தைக் காற்றுக்காகத் திறந்து விட வேண்டும். இறகெல்லாம் உடலோடு ஒட்டி, இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி, வாயைத் திறந்து இரைத்தால் சூடு மிஞ்சிவிட்டது. உப்பியபடியே இருந்தால் இன்னும் போதவில்லை. சூடு காற்றை உலர்த்திவிடும் என்பதால் ஈரத்துணி ஒன்றைக் கூண்டின் வெளியே, பறவைக்கு எட்டாத இடத்தில் தொங்கவிடச் சொல்வீர்கள், அதுவும் சரிதான்.

பல்பை வைத்துச் சூடேற்றினால் இரவெல்லாம் வெளிச்சத்தில் குஞ்சு தூங்காது. வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் மேல். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: சில பல்புகளிலும் ஹீட்டர்களிலும் ஒட்டாத தோசைக்கல்லில் இருப்பது போன்ற பூச்சு உண்டு. அது அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகைக்கு நிறமும் இல்லை, நமக்குத் தெரியும் மணமும் இல்லை. பறவையின் நுரையீரலை மட்டும் சிதைத்துவிடும். பூச்சு இல்லை என்று உறுதியாகத் தெரியாத எதையும் கூண்டருகே கொண்டுபோகக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னது பல உயிரைக் காத்திருக்கும்.

சூடு ஏறும் முன் ஊட்டாதே என்பது உங்களுடைய அடுத்த கட்டளை. குளிர்ந்து கிடக்கும் குஞ்சின் கழுத்தடியிலுள்ள தீனிப்பை அசையாது. உள்ளே போன கூழ் அங்கேயே தேங்கிப் புளிக்கும், அதில் பூஞ்சை பெருகும். தலையைத் தூக்க முடியாத குஞ்சின் வாயில் விடும் தண்ணீரோ தீனிப்பைக்கே போகாது. மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் தங்கிவிடும். நோயைவிட இந்த ‘உதவி’யால் போன குஞ்சுகள் அதிகமோ என்று சில சமயம் தோன்றுகிறது.

அடுத்து, கிராம் தராசை இரவல் தருகிறவர்களுக்கு. பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம், காக்டெயில் ஏறக்குறைய 80 முதல் 110 கிராம். இறகு மூடியிருக்கும்போது மெலிவு கண்ணுக்குத் தெரியாது. நாள்தோறும் காலையில், இரவெல்லாம் சேர்ந்த பெரிய எச்சத்தைப் போட்ட பிறகு, தீனி வைக்கும் முன், ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். 36 கிராம் பட்ஜிக்கு 3.6 கிராம் குறைவது என்றால் பத்து சதவீதம். அதற்கு மேல் காத்திருக்க இடமில்லை, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சமையலறைத் தராசு ஐந்து கிராமுக்கு ஒருமுறைதான் மாறும் என்றால் அது இந்த வேலைக்கு ஆகாது. ஒரு கிராமையாவது காட்ட வேண்டும், 0.1 கிராம் காட்டினால் இன்னும் நல்லது. தராசு இல்லாத நேரத்தில் விரலால் நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கக் கற்றுத் தந்தீர்கள். இருபுறமும் சதை நிரம்பி, நடு எலும்பு மெல்லத் தட்டுப்பட்டால் சரி. கத்தி முனை போல் நீட்டிக்கொண்டிருந்தால் நாள்கணக்கில் பட்டினி. பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. மூக்கைத் திறந்து விட்டு, நெஞ்சை இறுக்கிப் பிடித்தாலும் மூச்சு நின்றுவிடும்.

தீனி விஷயத்தில் உண்மையைச் சொன்ன இனப்பெருக்கக்காரர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். “இது இன்னும் தானாகத் தின்னப் பழகவில்லை” என்று ஒப்புக்கொள்வது விற்பவருக்கு எளிதல்ல. பட்ஜி ஏறக்குறைய ஐந்து வாரத்தில் கூட்டைவிட்டு வெளிவரும். ஆனால் தாய் தந்தை ஊட்டாமல் வாழ ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். காக்டெயிலுக்கு எட்டு முதல் பத்து வாரம், சிலவற்றுக்கு அதற்கும் மேலே. நெற்றிக் கோடுகள் அலகின் மேல் சதை வரை இறங்கியிருந்து, கண்ணில் வெள்ளை வளையம் இல்லாமல் முழுக் கறுப்பாக இருந்தால் பட்ஜி மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்டது என்று பொதுவாகக் கொள்ளலாம். சில நிற வகைகளில் கோடே இருக்காது, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

பாதி பழகிய குஞ்சு நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். தினையை அலகில் எடுக்கும், உமியை உடைக்கும், உள்ளிருப்பதை விழுங்காமல் கீழே போடும். கிண்ணம் நிறைந்தே தெரியும். மேலே இருப்பதெல்லாம் உமி. ஊதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மாலையில் தீனிப்பையை விரல் நுனியால் மென்மையாகத் தொட்டால், மணிகள் நிறைந்த சிறு பை போல் உருள வேண்டும். விடிந்ததும் காலியாக இருக்க வேண்டும். மாலையில் காலி என்றால் தின்னவில்லை. காலையிலும் நிறைவு என்றால் செரிக்கவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, இதைக் குழப்பிக்கொண்டால் தேங்கிய பையின் மேல் இன்னும் கூழ் ஊற்றுவோம்.

ஊட்டியே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், கூழின் சூடு 39 முதல் 41 டிகிரிக்குள். கையில் விட்டுப் பார்த்துச் சொல்வதெல்லாம் கணக்கில் சேராது, தெர்மாமீட்டர் வேண்டும். 43-ஐத் தாண்டினால் தீனிப்பை உள்ளுக்குள் வெந்துபோகும். புண் பல நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். மைக்ரோவேவில் சூடேற்றிய கூழில் ஒரு பக்கம் இளஞ்சூடு, மறுபக்கம் கொதி. சூடு குறைந்தாலோ குஞ்சு வாய் திறக்காது, பையும் மெல்ல நகரும்.

இன்னொரு நன்மையும் செய்தீர்கள்: பழைய இடத்தில் தின்ற அதே தீனியில் ஒரு வாரத்துக்கான அளவை உடன் அனுப்பினீர்கள். நல்லெண்ணத்தில் முதல் நாளே தினையை நிறுத்தி, பெல்லட் என்னும் தயாரித்த தீனி உருண்டைக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெல்லட் நல்லதுதான், ஆனால் உடல்நலமில்லாத குஞ்சு அதைத் தீனி என்றே அடையாளம் காணாமல் பட்டினி கிடக்கும். தேறி எடை ஏறிய பிறகு மாற்றலாம். அதுவரை தெரிந்த தீனியைத் தட்டையான தட்டில் கூண்டின் தரையில் வைப்பதும், தினைக்கதிரைக் குச்சிக்குப் பக்கத்தில் கட்டுவதும் போதும். உட்காரும் குச்சி தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம், தள்ளாடி விழும். கிரிட் என்னும் கல்மணலை எடுத்துவிட வேண்டும். நோயுற்ற பறவை அதை அளவின்றித் தின்று குடலை அடைத்துக்கொள்ளும்.

கூண்டின் அடியில் மணலுக்குப் பதில் வெள்ளைத் தாள் விரிக்கச் சொன்னவர் யாரோ, அவருக்கும் நன்றி. எச்சத்தில் மூன்று பங்கு உண்டு: சுருளாக இருக்கும் பச்சை அல்லது பழுப்பு மலம், சுண்ணாம்பு போன்ற வெள்ளை, சுற்றிலும் தெளிந்த நீர். சுருள் கெடாமல் நீர் மட்டும் கூடியிருந்தால் அது வயிற்றுப்போக்கு அல்ல. பயத்திலும் பழம் தின்றாலும் அப்படி வரும். சுருளே இல்லாமல் கரைந்து போனால்தான் வயிற்றுப்போக்கு. வெள்ளைப் பங்கு மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். முழு மணி அப்படியே வெளியே வந்தால் செரிமானத்தில் கோளாறு. கரும்பச்சையாக மிகக் கொஞ்சமாகவே இருந்தால் வயிற்றில் எதுவும் இல்லை என்று பொருள். தாளை மாற்றும்போது எத்தனை என்று எண்ணுவதும் உதவும், எண்ணிக்கை சட்டென்று பாதியானால் தீனியும் பாதியாகிவிட்டது.

பறவையைத் தூங்கவிட்டு, தூரத்திலிருந்து மட்டும் பார்க்கச் சொன்னதும் பெரிய பாடம். ஆள் பக்கத்தில் வந்தால் நோயுள்ள பறவையும் நிமிர்ந்து நலமாக நடிக்கும். இயற்கையில் தளர்ந்ததை வேட்டையாடும் பிராணி முதலில் பிடிக்கும் என்பதால் வந்த பழக்கம் அது. நாம் நகர்ந்த பிறகு மூச்சுக்கு ஒருமுறை வால் மேலும் கீழும் ஆடினால், வாய் திறந்தே இருந்தால், தலை இறகுகள் ஒட்டிக்கொண்டு கக்கினால், அது மறுநாள் வரை பொறுக்கும் காரியம் அல்ல. இரண்டு காலிலும் நின்று தூங்குவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், குஞ்சுகள் பல அப்படித்தான் தூங்கும்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் பொடி தர மறுத்த மருந்தாளுநர்களே, அப்போது முகம் சுளித்தவர்கள் சார்பிலும் நன்றி. பட்ஜி ஒரு நாளில் குடிப்பது சில மில்லிலிட்டர் தண்ணீர்தான். நோய் வந்தால் அதுவும் குறையும், கசந்தால் தொடவே தொடாது. தண்ணீரில் கலந்த மருந்து எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. பூஞ்சைக்கும் ஒட்டுண்ணிக்கும் அது பயன்படாது. போதாக்குறைக்கு, பின்னால் செய்யும் பரிசோதனையில் கிருமியும் வளராமல் மறைந்துவிடும்.

பறவை மருத்துவர்களுக்கும் ஆய்வகத்தாருக்கும்: 35 கிராம் குஞ்சின் உடலில் மொத்தமே மூன்றரை மில்லிலிட்டர் அளவுக்குத்தான் இரத்தம். எடையில் ஒரு சதவீதம், அதாவது 0.35 மில்லிலிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது. அந்தத் துளியிலும், கண்ணாடியில் தடவிய சிறிது எச்சத்திலும் விடை தேடித் தந்தீர்கள். “தாளைக் கழற்றாமல் கொண்டு வாருங்கள், மூச்சு வாங்குவதை வீடியோ எடுத்து வாருங்கள், பெட்டியில் குச்சி வேண்டாம், துண்டு விரியுங்கள்” என்று முன்கூட்டிச் சொன்னதால் மேசை மேல் குஞ்சு இருக்க வேண்டிய நேரம் பாதியானது.

கிளிக்காய்ச்சல் என்னும் சிட்டகோசிஸை நினைவூட்டியதற்கும் கடமைப்பட்டுள்ளோம். கிளமிடியா சிட்டாசி என்னும் பாக்டீரியாவால் வரும் இது உலர்ந்த எச்சத்தின் தூசி வழியே மனிதருக்கும் தொற்றும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல். கூண்டைச் சுத்தம் செய்யும் முன் எச்சத்தை நனைக்க வேண்டும், முகக்கவசம் வேண்டும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ‘புதுப் பறவை வந்திருக்கிறது’ என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பறவைக்கு டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் வழக்கமான கெடு 45 நாள், பட்ஜிக்கு 30 நாள். கலகலப்பாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. அந்த நாட்களில், கொறிப்பதற்காகக் கூண்டில் மாட்டும் கணவாய் மீனின் ஓட்டையும் சுண்ணாம்புக் கட்டியையும் எடுத்துவிடச் சொன்னீர்கள், கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

வீட்டில் பழைய பறவைகள் இருந்தால் புதியதைத் தனி அறையில் 30 முதல் 45 நாள் வைக்க வேண்டும், பழையதற்கெல்லாம் தீனி வைத்த பிறகே கடைசியாக அதனிடம் போக வேண்டும். இதைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னவர்களுக்கும், பகலில் ஆள் இல்லாத நேரம் வந்து தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுப் போன அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி.

இப்படிக்கு,
குஞ்சுப் பறவை வளர்ப்போர்

பி.கு.: இரவல் தராசின் தட்டில் ஒரு சின்னக் குச்சியை நிறுத்தி ஒட்டியிருக்கிறோம். அதன் மேல் பறவையை உட்காரவைத்தால் பிடித்து அழுத்தாமலே எடை பார்க்கலாம். குச்சியோடு வைத்துப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். அடுத்தவர் கைக்குப் போகும்போது கழற்றிவிட வேண்டாம்.