கலரை அப்புறம் பேசலாம்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. உன்னை அடிக்கடி விசாரிக்கிறாள்.

நாற்காலி வரைபடம் முடிந்துவிட்டது, என்ன கலர் அடிக்கலாம் என்று மட்டும் சொல் என எழுதியிருக்கிறாய். அங்கேதான் இடிக்கிறது. போன வருஷம் கடற்கரை வீட்டு மொட்டைமாடிக்கென்று ஒருவர் இரும்பு மேசைகள் கொண்டுவந்தார். என் பூச்சுப் பட்டறையின் ஏழு ரசாயனத் தொட்டியிலும் முக்கியெடுத்து, பூச்சு பிடிக்கப் பாஸ்பேட் ஏற்றி, பவுடர் (உலர்ந்த பெயின்ட் தூள்) அடித்து, 200 டிகிரி சூட்டடுப்பில் வேகவைத்து, 70 மைக்ரான் கனத்தில் பளபளவென்று அனுப்பினேன். ஒரே மழைக்காலம்தான். நடுவில் ஒரு பொட்டு இல்லை, விளிம்பு முழுக்கத் துரு. தகடு வெட்டிய பிசிரோடு வந்ததைப் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை. தப்பு என் பேரிலும்தான்.

சூட்டில் பவுடர் உருகும்போது கூரான விளிம்பை விட்டு விலகிக்கொள்ளும், அங்கே பூச்சு மெலிந்துவிடும். உள்மூலை வேறு மாதிரிப் படுத்தும். மின்னேற்றிய பவுடர் பக்கச் சுவர்களிலேயே ஒட்டிக்கொண்டு மூலைக்குள் போக மறுக்கும். பவுடர் தெளிக்கும் துப்பாக்கியில் வோல்டேஜைக் கூட்டினால் இன்னும் மோசம். அதனால் விளிம்பை 2 மில்லிமீட்டராவது உருட்டிவிடு. குழாய்க்கால் என்றால் வடிதுளை வை, இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீர் உள்ளேயே தங்கி அரிக்கும். தொங்கவிடக் கொக்கி மாட்டும் இடத்தில் பவுடர் ஒட்டாது, அதையும் கண்ணில் படாத பக்கமாக நீயே குறித்துக்கொடு. வெயிலில் கிடக்கப்போகிற நாற்காலிக்கு எபாக்சி வகைப் பவுடர் வேண்டாம், சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உதிரும். பாலியெஸ்டர் வகை போதும்.

அலுமினியத்தில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தாய். அதற்கு ஆனோடைசிங் இருக்கிறது. அதைப் பூச்சு என்று சொல்வதே தப்பு. அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சினால் உலோகத்தின் மேல்தோலே ஆக்சைடாக மாறும். அதன் நுண்துளைகளில் சாயத்தை ஏற்றி வெந்நீரில் முக்கித் துளைகளை மூடிவிடுவார்கள். உரிந்துவர அங்கே தனித்தோல் கிடையாது.

நம் தெருவுக்குத் துருத்தியோடு வருவாரே, ஈயம் பூசுகிறவர், ஞாபகம் இருக்கிறதா? நவச்சாரப் புகை கண்ணை எரிக்க நாம் சுற்றி நிற்போம். அண்டாவின் உள்பக்கம் மட்டும்தான் பூசுவார். புளி படுவது அங்கேதானே! வெளியே பித்தளை பித்தளையாகவே மின்னும். வடிவமைப்பு படிக்காத மனிதர்.

தகடு வெட்டக் கொடுப்பதற்கு முன் வரைபடத்தை அனுப்பு. பொங்கலுக்கு வந்தால் பட்டறையிலேயே உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
மணி