உடற்கூறியல் கூடத்தின் காற்றோட்ட வரைபடத்தைத் திருத்தக் கோரி மனு

அனுப்புநர்:
சயான், தாராவி பகுதித் தமிழ்க் குளிர்சாதனப் பொறியாளர்கள், ஏ.சி. மெக்கானிக்குகள்,
மும்பை.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
மருத்துவக் கல்லூரிக் கட்டடப் பிரிவு,
மும்பை.

பொருள்: புதிய உடற்கூறியல் கூடத்தில் ஸ்பிளிட் ஏ.சி.யைக் கைவிட்டு, முழுக்க வெளிக்காற்றில் இயங்கும் அமைப்பு வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். டெண்டருக்கு வைத்துள்ள வரைபடத்தில் 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள கூடத்துக்கு ஸ்பிளிட் ஏ.சி.களும் சுவர் உச்சியில் எக்ஸாஸ்ட் ஃபேன்களும் காட்டப்பட்டுள்ளன. வகுப்பறைக்கு இது சரி. ஃபார்மலினில் பதப்படுத்திய உடல்கள் கிடத்தும் இடத்துக்கு ஆகாது.

ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். ஃபார்மலினில் இருந்து எழும் ஃபார்மால்டிஹைடு ஆவி போக வழியில்லாமல் சேரும். உச்சியில் இருக்கும் ஃபேன் அதை மேலே இழுக்கும்போது, மேசைமேல் குனிந்து நிற்கும் மாணவர் முகத்தைத் தாண்டித்தான் போகும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

ஏ.சி.யும் தாங்காது. ஆவி ஃபார்மிக் அமிலமாகி, காயிலில், அதாவது குளிர்விக்கும் குழாய்ச் சுருளில், வழியும் ஈரத்தில் கரைந்து, செம்புக் குழாயை எறும்புப் புற்றுப் போல அரிக்கும். வெளியே கண்ணுக்குத் தெரியாது. கேஸ் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு துளையை பிரேஸிங் செய்து அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று ஒழுகும்.

மணிக்கு 15 முறை காற்று மாற, 18,000 கன மீட்டரை வெளியேற்ற வேண்டும். உள்ளே விடுவது 16,200 மட்டும் இருந்தால் கூடத்தில் அழுத்தம் குறைந்து, வாடை நடைக்கூடத்துக்கு வராது. புதுக்காற்று மேலிருந்து மெதுவாக இறங்கி, மேசையோரத்திலும் தரையையொட்டியும் உள்ள கிரில்களில் வெளியேறட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் மொட்டைமாடியில் இருந்தால் டக்ட் முழுதும் உறிஞ்சும் பக்கமாகும். ஓட்டை விழுந்தாலும் கட்டடத்துக்குள் கசியாது. புகைபோக்கி தளத்துக்கு மேல் 3 மீட்டராவது எழும்ப வேண்டும். மழைத் தொப்பி வேண்டாம், அது ஆவியைக் கீழே திருப்பும்; உள்ளேயே வடிகால் வைத்த புகைபோக்கி போதும். எக்ஸாஸ்ட் நின்றால் புதுக்காற்று ஃபேனும் தானே நிற்க வேண்டும். இரண்டுக்கும் ஜெனரேட்டர் இணைப்பு வேண்டும்.

செலவை மறைக்கவில்லை. மழைக்காலத்தில் 33 டிகிரி, 75 சதவீத ஈரப்பதக் காற்றை 13 டிகிரிக்கு இறக்க 80 டன்னுக்கு மேல் குளிர்விக்கும் திறன் ஆகும். ‘பாதிக் காற்றைத் திருப்பி விடலாம்’ என்ற யோசனை அப்போது நிச்சயம் வரும், ஏற்க வேண்டாம். வெளியேறும் காற்றின் குளிர்ச்சியைப் புதுக்காற்றுக்கு மாற்றும் வெப்பச் சக்கரமும் வேண்டாம், அழுக்குக் காற்று அதில் ஒட்டித் திரும்பும். இரு காயில்களுக்கிடையே நீர் சுற்றும் முறையில் மிச்சம் குறைவு, ஆனால் காற்று கலக்காது. ஆளில்லா இரவில் ஃபேன் வேகத்தைக் குறைக்கலாம்.

மேசை வடிநீர் மூடிய கேனில் சேரட்டும், சாக்கடைக்குப் போகக் கூடாது. கண் கழுவும் குழாய் 10 விநாடி நடையில் இருந்து, 15 நிமிடம் விடாமல் ஓட வேண்டும்.

டெண்டர் திறக்கும் முன் வரைபடத்தைத் திருத்தி, ஒப்படைக்கும்போது காற்று போகும் திசையைக் காட்டும் புகைச் சோதனையும், உடல் திறந்திருக்கும் வகுப்பில் மூக்கு உயரத்தில் ஆவி அளவீடும் கட்டாயம் என ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டுகிறோம். மராத்தி, ஆங்கிலப் படிகள் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கண்ட அனுப்புநர்கள்